நான்கு முறை விழுந்த பனி

ஐந்து மதிப்பெண் கேள்வி:
ஒலிக்கும் மின்காந்த அலைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
போன தேர்வில் இங்கேதான் கோட்டை விட்டேன்.

செப்டம்பர். கிரீன்லாந்தின் மேற்குக் கரை.
மீன் தொழிற்சாலை மாடியில் வானொலி அறை,
காலை முறை எனக்கு.
மடியில் டேனிஷ் மொழிப் பாடநூல்.
சன்னலுக்கு அப்பால் ஏழு கிலோமீட்டரில்
பனியாற்றின் நீல முகம்.
அதற்கு ஒரு கிலோமீட்டர் இப்பால்
அண்ணன் இனுங்குவாக்கின் படகு.
'மாலிக்' என்று பெயர். எங்கள் மொழியில் அலை.
பனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

ஒலி தனியாக நடக்காது, என்கிறது புத்தகம்.
காற்றோ நீரோ இரும்போ
ஏதாவது ஒன்று தோள் கொடுக்க வேண்டும்.
ஒரு துகள் அடுத்ததை இடிக்கும்,
இடித்துவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பும்.
நெருக்கம், நெகிழ்வு, நெருக்கம், நெகிழ்வு:
போகிற திசையிலேயே முன்னும் பின்னும் ஆடும் நெட்டலை.
சம்பள நாள் வரிசையில் பார்த்திருக்கிறேன்.
கடைசி ஆள் தள்ளினால்
முதல் ஆளின் நெஞ்சு கதவில் மோதும்,
ஒருவரும் இடம் மாறியிருக்க மாட்டார்கள்.

மின்காந்த அலைக்கு யார் தோளும் வேண்டாம்.
மின்புலம் மேலும் கீழும்
காந்தப்புலம் இடமும் வலமும்
இரண்டுக்கும் செங்குத்தாகப் பாய்கிற குறுக்கலை.
வெற்றிடத்தில் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர்.
பனியின் நீலமும்
என் காலடியில் சிவந்த கம்பி வீசும் சூடும்
பதினாறாம் சேனலும் ஒரே குடும்பம்.
நீலத்தின் அலைநீளம்
மயிரிழையின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை;
வானொலி அலையோ
நான் இரு கையையும் விரித்தாலும் கொஞ்சம் மிஞ்சும்.

இதை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது
பனி விழுந்தது.

சத்தமே இல்லை.
தேவாலயம் அளவு ஒரு துண்டு
உப்பு மூட்டைபோல் சரிந்தது.
பித்தானை அழுத்தினேன்.
"திரும்பு! பனி!"
என் வாய்க்கு ஒரு நொடி பிடித்தது.
அலைக்கு, அந்த நொடியை ஐம்பதாயிரமாய் நறுக்கினால்
ஒரே ஒரு துண்டு.

"என்னது?" என்றான்.
அவன் குரலுக்குப் பின்னால்
ஒலிபெருக்கியில் படீரென்று ஒரு முறிவு.
அவனுக்குப் பக்கத்தில் பிறந்த இடியை
எட்டத்திலிருந்த என் கத்தல் முந்தியிருந்தது.
பிறகு இரைச்சல் மட்டும்.

எண்ணினேன்.
குளிர்ந்த காற்றில் கிலோமீட்டருக்கு மூன்று நொடி.
பத்து. பதினைந்து.
இருபத்தொன்றில் சன்னல் கண்ணாடி நடுங்கியது.
காதைவிட விலா எலும்புக்கு அதிகம் கேட்ட
தாழ்ந்த, மிகத் தாழ்ந்த அதிர்வெண்.
எனக்குத் தெரிந்துபோனதை
புதுச் செய்திபோல் மூச்சிரைக்கச் சொன்னது.

நீரின் அலை இன்னும் அவனை எட்டவில்லை.
தொலைநோக்கியில் படகின் மூக்கு திரும்பியது,
ஏறியது,
காணவில்லை.

நாற்பது வரை எண்ணியது நினைவிருக்கிறது.

"நிவிக்கா. காபி முழுக்க பூட்ஸுக்குள்ளே.
மீன் பத்திரம்."

ஆறு கிலோமீட்டரைக் கண்ணிமைக்குமுன் தாண்டியது அது.
ஆனால் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பிலிருந்து
என் காதுக்குள்ள கடைசி முழத்தை
காற்றுதான் சுமந்து வந்தது,
இடித்து, திரும்பி, இடித்து, திரும்பி.

நாலு நிமிடம் கழித்து துறைமேடைக்கு வந்தது
எல்லாவற்றிலும் சோம்பேறியான அலை.
மிதந்த பெட்டிகளை
அக்கலுக் திட்டிக்கொண்டே துரத்தினான்.

மாலையில் அண்ணன் வந்தான்.
பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினான்.
"நீ கத்தினபோது இடி இன்னும் வரவே இல்லை.
உனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தேன்," என்றேன்.

ஐந்து மதிப்பெண்ணுக்கு அது போதாது.